வெறும் பாத்தியில் செத்த புழுக்கள்

காலிஃபிளவர் நறுக்கும்போது புழு வந்தால் ஊரே தூக்கி எறியும். அவள் தீப்பெட்டியில் போட்டு வளர்ப்பாள். பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேரும் முன்பே அவளுக்கு ‘பூச்சியக்கா’ என்று பேர் விழுந்துவிட்டது. வைத்தவன் தம்பி.

அந்தத் தம்பிக்கு அவளே சிபாரிசு செய்து அதே பண்ணையில் மருந்தடிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். மருந்து என்றால் விஷமில்லை. புழுவுக்கு மட்டும் நோய் தரும் வைரஸ் கலந்த தண்ணீர். அது பட்ட இலையைத் தின்ற புழு தலைகீழாகத் தொங்கி, உள்ளே கூழாகிச் சாகும். ஒரு முட்டைக்கோஸ் பாத்திக்கு அடிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து முட்டைக்கோஸ் பாத்தியை மருந்தடிக்காமல் வெறுமனே விட வேண்டும்.

வெறும் பாத்தியிலும் புழுக்கள் தொங்கின.

“கை தவறி இங்கயும் அடிச்சிட்டியாடா?”

“சத்தியமா இல்லக்கா. இந்தப் பக்கம் காலே வைக்கல.”

“அப்புறம் நோய் தானா நடந்து வந்துச்சா?”

தம்பி என்று பார்த்தால் வேலை நடக்குமா? அவளே போய் மேலாளரிடம் சொன்னாள். அவனுக்குச் சீட்டு கிழிந்தது.

அதோடு விட்டிருப்பாள், கண் சும்மா இருந்தால். மருந்தடித்த பாத்தியில் கேடயம் மாதிரி முதுகுள்ள ஒரு பூச்சி, நோய்ப்புழுவை ஊசிமூக்கால் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு, சாவகாசமாக வெறும் பாத்திக்குப் பறந்து, ஓர் இலையில் சொட்டாக எச்சமிட்டது. அவளுக்குத் திக்கென்றது. வைரஸ் இதன் வயிற்றில் சாகாமல் வெளியே வருகிறதோ?

அந்தப் பூச்சிகள் சிலவற்றைப் பிடித்து, நோய்ப்புழுக்களைத் தின்னக் கொடுத்தாள். அவை எச்சமிட்ட இலைகளை ஒரு டப்பாவில் நல்ல புழுக்களுக்குப் போட்டாள். இன்னொரு டப்பாவில் சுத்தமான இலை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் தொங்கணும் என்று ஒரு மனசு, தொங்கக் கூடாதே என்று ஒரு மனசு. தொங்கினால் அருமையான கண்டுபிடிப்பு. தம்பிக்குச் செய்தது அநியாயம்.

தொங்கின. சுத்தமான இலை தின்றவை கொழுகொழுவென்று ஊர்ந்தன.

“சம்பளமில்லாம நோயைப் பரப்ப ஆள் கிடைச்சாச்சே!” என்று மேலாளர் குதித்தார். தம்பியைத் திரும்பக் கூப்பிடவும் சம்மதித்தார். அவள் அவன் வீட்டுக்கு ஓடி, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். மன்னிச்சுக்கடா என்றும் சொன்னாள்.

அவன் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“வேலைக்கு வரேன்க்கா, வராம என்ன பண்றது? ஆனா ஒண்ணு. பூச்சி பேண்டதை நீ நம்பினே. நான் சொன்னதை நம்பலையே.”