பதினான்கு நீலக் கயிறுகள்

ஆண்டவரை நம்பி இதை வாசிக்கும் அன்பர்களே, நான் நெல்லித்தோப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். மூன்று ஆண்டுகளாகச் சொல்லத் துணியாத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2006 மே மாதம், மதியம் ஒரு மணி. ஆந்திராவின் வறண்ட மலை ஒன்றில், ஒரு குகை வாசலில் வழி தெரியாமல் நின்றோம். என் பேத்தி லூசிக்கு ஒன்பது வயது. அவள் உடம்பில் வியர்வை நின்றுபோயிருந்தது. தொட்டால் சுட்டது. பாட்டிலில் தண்ணீர் கால்வாசி கூட இல்லை. இதற்குக் காரணம் நான்தான் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

என் மகள் தெரேஸ் மணியைக் கட்டிக்கொண்டதில் எனக்கு விருப்பமில்லை. அவன் காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வேறு மதம். அவன் வீட்டுக்கு வந்தாலே அலமாரிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஆனால் கோடைதோறும் எங்களை மலை, குகை என்று அழைத்துப் போனது அவன்தான். கடலில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரே இல்லாத இடங்களின் மேல் அப்படி ஓர் ஆசை.

அன்று காலை மணி ஜீப் ஓட்டுநரோடு தெலுங்கில் பேசிச் சிரித்தான். நெல்லூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போன நாளில் கற்ற மொழி. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு மகளிடம், "தெரேஸ், சங்கிலியக் கழட்டி உள்ள வெச்சுக்க" என்றான். போதாதா எனக்கு?

ஓட்டுநர் அடிவாரத்தில் தங்கிவிட்டார். செம்பாறை இடுக்குகளுக்குள் ஒரு மணி நேர நடை. மணி முன்னால், நான் கடைசியில். வழி பிரியும் இடங்களில் எல்லாம் அவன் குனிந்து எதையோ செய்தான். போய்ப் பார்த்தால், முள்செடியில் ஒரு சாண் நீல வலைக்கயிறு. யாருக்கு இந்த அடையாளம்? நகையைப் பறிக்கப் பின்னால் வரப்போகும் ஓட்டுநருக்கும் அவன் ஆட்களுக்கும்தான் என்று முடிவு கட்டினேன்.

அவிழ்த்துப் பையில் போட்டேன். ஒவ்வொன்றையும். ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? டைரியிலும் எழுதினேன். "ஒன்று. இரட்டைப் பாறை, இடப்பக்கம், கள்ளி." ஊர் திரும்பி மகளிடம் காட்டுவதற்கு ஆதாரம். குகையை அடைவதற்குள் பதினான்கு ஆகிவிட்டது. மேலே "மணியின் சதி" என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன்.

திரும்பும்போது மணி முதல் செடியிலேயே தேடினான்.

"இங்கதான் கட்டுனேன் மாமா. சத்தியமா கட்டுனேன்."

"ஆடு தின்னுடுச்சோ?" என்றாள் தெரேஸ்.

"நைலானத் தின்ற ஆடு எந்த ஊர்ல இருக்கு?"

மூன்று முறை தவறான இடுக்கில் நுழைந்து, குகைக்கே வந்து சேர்ந்தோம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். நான் செய்தது வெளியே தெரியாமல் எங்களைக் கரை சேர்த்துவிடும்" என்று மன்றாடினேன். வெட்கமாக இருக்கிறது. இப்படித்தான் கேட்டேன்.

யாரும் வரவில்லை. லூசி வாந்தி எடுத்தாள். "தாத்தா, தண்ணி" என்றாள்.

மறுபடியும் மன்றாடினேன். இந்த முறை என்னைப் பற்றிய பாதியை விட்டுவிட்டேன். பிள்ளையை மட்டும் கேட்டேன். எழும்போது டைரி நெஞ்சில் இடித்தது. அதுவரை அது நான் ஒளிக்க வேண்டிய பொருள். வெளியே போகும் வழி முழுவதும் அதற்குள் இருக்கிறது என்பது அந்த நொடிவரை எனக்குத் தோன்றவே இல்லை.

கயிறுகளைத் தரையில் வைத்தேன். டைரியை மணியிடம் கொடுத்தேன். தெரேஸ் அவன் தோள்வழியே தலைப்பைப் படித்தாள்.

"இதுக்குத்தான் எங்ககூட வந்தீங்களா பப்பா?"

மணி டைரியை என் கையில் திருப்பித் தந்தான். லூசியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கடைசிலேர்ந்து படிங்க மாமா. சத்தமா படிங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

பதினான்கு, பதின்மூன்று என்று என் குற்றப்பத்திரிகையை நானே உரக்க வாசித்துக்கொண்டு நடந்தேன். ஏழாவது திருப்பத்தில் மணி மூச்சிரைக்கச் சொன்னான்: "பெட்டிஷன் எழுதற கை மாமா ஒங்களுது. ஒரு கல்லு விடல." எனக்கு அழுகை வந்தது.

இரட்டைப் பாறையருகே ஓட்டுநர் எதிரே வந்தார், தோளில் தண்ணீர் கேனோடு. நேரமாகியும் நாங்கள் வராததால் தேடிப் புறப்பட்டவர். முதல் ஜெபத்தில் நான் அனுப்பச் சொல்லிக் கேட்ட ஆள். திருடன் என்று நான் முடிவு கட்டிய ஆள்.

ஆஸ்பத்திரியில் லூசிக்குக் குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் எழுந்து இட்லி கேட்டாள். வராந்தாவில் மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். மலைக்குப் புறப்பட்ட காலையில் ஓட்டுநரோடு ஏன் சிரித்தீர்கள் என்றும் கேட்டேன்.

"ஒங்க பாலிஷ் போட்ட ஷூவப் பாத்துட்டு, பெரியவரு மலைக்கி வராரா, சர்ச்சுக்குப் போறாரான்னான் மாமா. சங்கிலியக் கழட்டச் சொன்னது முள்ளுல மாட்டும்னு."

இன்று அலமாரிச் சாவி கூடத்து ஆணியில் தொங்குகிறது. இந்த மே மாதமும் மலைக்குப் போகிறோம். வழியில் கயிறு கட்டுவது மணி. வீட்டில் உட்கார்ந்து சாண் சாணாக வெட்டி வைப்பது நான்.

அன்பர்களே, தப்பிக்க வழி கேட்டு ஜெபிக்கும்போது, நீங்கள் ஒளித்து வைத்திருப்பதையும் அவர்முன் எடுத்து வையுங்கள். பிறகு உரியவரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். நம்பிச் செய்யுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.