ராமாயியின் ஈட்டி மரப் பீரோ

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். 1936ஆம் வருஷம் பங்குனி மாதம், எருமப்பட்டியில், பட்டப்பகலில் நடந்தது இது.

அப்புசாமி வீட்டுக் கூடத்தில் ஆளுயர ஈட்டி மரப் பீரோ நின்றது. கதவில் கண்ணாடி. செத்துப்போன மூத்த மனைவி ராமாயி கொண்டுவந்த சீர். பிள்ளையில்லாமல் செத்தவளின் சீரைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது அவர்கள் முறை. ஆனால் அவள் அண்ணன் சின்னுசாமி கேட்டு வந்தபோது, அப்புசாமி வாசலிலேயே விரட்டிவிட்டார். வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் சாமானாயிற்றே, விட மனசு வருமா? மானங்கெட்ட ஆசை.

இரண்டாந்தாரமாக வந்த கண்ணாத்தாளுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு இப்போது எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன் என்றாள். என் பிள்ளை என் வீட்டில்தான் பிறக்கும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

அன்று உச்சிப்பொழுது. அவர் சந்தைக்குப் போயிருந்தார்.

டொக்...

பீரோவுக்குள் சத்தம். எலியாக இருக்கும் என்று திறந்தாள். அவள் மடித்து வைத்த சேலைகள்தான் இருந்தன. மூடிவிட்டு நடந்தாள்.

டொக்... டொக்...

திரும்பினாள். சேலைகள் தரையில் கிடந்தன. பீரோ சுவரை விட்டு ஒரு முழம் நகர்ந்திருந்தது. வாசலைப் பார்த்து.

அவளுக்குப் பயத்துக்கு முன் ஆத்திரம் வந்தது. செத்த பிறகும் ராமாயிக்கு இந்த வீட்டிலிருந்து விடுதலை இல்லையா? தை மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த வண்டிக்காரன் ஆண்டியை வண்டி கட்டச் சொன்னாள். நாலு பேர் முக்கினார்கள். பீரோ அசையவில்லை. கண்ணாத்தாள் அதன் கதவில் கை வைத்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் ஊட்டுக்குத்தானுங்க. கெளம்புங்க."

வெறும் கூடை போல எழுந்து வந்தது.

பொழுது சாய வண்டி திரும்பியது.

"அந்தம்மாள வாசல்லயே எறக்கி உட்டுட்டனுங்க ஆத்தா," என்றான் ஆண்டி. "நெறமாசமாச்சேன்னு மெதுவாத்தான் ஓட்டுனேன்."

"எந்தம்மா?"

"பீரோவுக்குப் பக்கத்துல முக்காடு போட்டு ஒக்காந்து வந்தாங்களே..."

கண்ணாத்தாள் யாரையும் அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டு முத்தாயம்மாளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் உண்மை வந்தது. மலடி, காய்ச்சலில் போனாள் என்று பெண் கேட்டு வந்தபோது அப்புசாமி சொன்னதெல்லாம் பொய். ராமாயி செத்தது ஒன்பது மாத வயிற்றோடு, இதே வீட்டில் பிரசவ வலியில். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணன் வண்டியை அவர் வெறுமனே திருப்பி அனுப்பிய மறுநாள்.

கண்ணாத்தாள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"மாட்ட அவுக்காத ஆண்டி. எங்கப்பன் ஊட்டுக்கு உடு."