சம்பந்திக்கு வாங்கி வந்த ஃபெனி

என் மாமனார் கோவாவில் ஃபெனி காய்ச்சுகிறவர். முந்திரிப்பழத்தை மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, செம்புப் பானையில் வடிக்கும் சாராயம் அது. அங்கே அது சட்டப்படியான தொழில். நான் அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மகளைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். இப்போது எங்களுக்குக் கீரனூரில் ஒரு பேக்கரி இருக்கிறது.

ஃபெனி என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோவாவில், அந்த முறையில் காய்ச்சியதற்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். அப்படிப் போடுவதற்காகப் பதிவு செய்துகொண்டவர்களில் மாமனாரும் ஒருவர். அந்தக் காகிதத்துக்காக அவர் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். பாதி நாள் பைக்கில் கூட்டிப்போனவன் நான்தான்.

போன வருடம் எங்கள் மகளுக்கு ஆவூர் கோயிலில் ஞானஸ்நானம். ரயில் ஏறுவதற்கு முன் மாமனார் போன் செய்து, இரண்டு பாட்டில் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் மாமா, வெளி மாநிலச் சரக்கை இங்கே கொண்டுவந்தால் கேஸாகிவிடும் என்றேன். சட்டம் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு மட்டும் வாங்கி வந்தார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டது என் சித்தப்பாவுக்குத் தெரியாது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அவர். சம்பந்தி இவ்வளவு தூரம் வருகிறாரே, அவர் ஊர்ச் சரக்கை வைத்தே உபசரிக்க வேண்டும் என்று, இரண்டு நாள் முன்னதாகவே காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். கடை கடையாகத் தேடி ஒரு பாட்டில் வாங்கி, பைக்குள் வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

விருந்து முடிந்ததும் எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "சம்பந்தி, இங்கிட்டு வாங்க. ஒங்க ஊரு சரக்கு!" என்று பாட்டிலை நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாமனார் சிரித்தபடிதான் வாங்கினார். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை வரி வரியாகப் படித்தார். பாரம்பரியமான ஃபெனி, புவிசார் குறியீடு பெற்றது என்றெல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்தது. தயாரித்த இடம் என்று அவருடைய தாலுகாவின் பெயரே இருந்தது.

என் மனைவியிடம் கொங்கணியில் ஏதோ சொன்னார். அவள் என் காதருகே வந்து, "வெறும் ஸ்பிரிட்ல எசன்ஸ் ஊத்தியிருக்காங்களாம். லேபிள்ல போட்டிருக்கிற கம்பெனி பேர்ல எங்க தாலுகாவுல காய்ச்சுற ஆளே இல்லங்கிறார்" என்றாள்.

சித்தப்பா காதில் அது விழுந்துவிட்டது. "நம்ம ஆலங்குடிப் பக்கமும் முந்திரிப்பழம் மரத்தடியில கொட்டித்தான் கெடக்கு. எல்லாம் ஒரே பழந்தானே? பேரு என்ன பெரிய பேரு?"

மனைவி அதை அப்பாவுக்குச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா, ஒங்க வயலுக்கு வேற ஒருத்தன் பத்திரம் எழுதிக்கிட்டா சும்மா இருப்பீங்களான்னு அப்பா கேக்குறார்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் மாமனார். எனக்கும் ஆத்திரம்தான். மறுநாள் கடைக்கு பிரெட் வாங்க வந்த ஏட்டையா ஒருவரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்தப் பாட்டில் இங்க எப்படி வந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. மொத கேஸு ஒங்க சித்தப்பா மேலதான் விழும். பாத்துக்கங்க" என்றார்.

சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். சித்தி பயந்துபோய் முந்தின சாயங்காலமே அத்தனையையும் வாய்க்காலில் ஊற்றி, பாட்டிலையும் உடைத்துப் புதைத்திருந்தார். விருந்தன்று லேபிளை நான் போனில் எடுத்திருந்த மூன்று போட்டோக்கள்தான் மிச்சம்.

பெயரைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதிவு செய்வது எங்கள் வேலை, வழக்குப் போட வேண்டியது பெயருக்கு உரியவர்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். மாமனார் உறுப்பினராக இருக்கும் ஃபெனி காய்ச்சுவோர் சங்கத்து வக்கீல் லேபிளில் இருந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பி வந்தது. இனி விற்ற கடையைத்தான் பிடிக்க வேண்டும், அதற்கு சீல் உடைக்காத பாட்டிலும் பில்லும் வேண்டும் என்றார் வக்கீல்.

பேக்கரியை ஒருநாள் பூட்டிவிட்டு நானே காரைக்காலுக்குப் போனேன். சித்தப்பா வாங்கிய கடையிலேயே பாட்டில் உடனே கிடைத்தது. பில் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிக்கிறதுக்கு எதுக்கு சார் பில்லு?" என்றார். கெஞ்சிய பிறகு ஒரு துண்டுச் சீட்டில் 'சரக்கு 1' என்று கிறுக்கிக் கொடுத்தார். கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இந்தப் பாட்டிலோடு நான் எல்லை தாண்ட முடியாது. இரண்டு கூரியர் கடைகளில் சரக்கு என்றதும் வாங்கவே மறுத்துவிட்டார்கள். வக்கீலுக்குப் போன் செய்தால், அந்தச் சீட்டு எதற்கும் ஆகாது என்றார். கடைசியில் மாமனாரை அழைத்தேன்.

"கொட்டிவிட்டு வீட்டுக்குப் போ. உனக்குக் குழந்தை இருக்கிறது" என்றார், எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஹிந்தியில்.

சாக்கடை ஓரம் நின்று முழு பாட்டிலையும் கவிழ்த்தேன். எரிச்சலில் கண் கலங்கிவிட்டது. நேர்மையாகக் காய்ச்சுகிறவர் பழம் வந்த தோட்டத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் காகிதம் காட்டுகிறார். அவர் பெயரைத் திருடுகிறவனிடம் ஒரு பில் கூட வாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா பேக்கரிக்கு வந்தார். டீ கொடுத்தும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "காரைக்கால்ல அந்தக் கடையில நாந்தான் வாங்குனேன்னு கைப்பட எழுதிக் குடுத்துர்றேன்டா. என் மேல கேஸு போட்டாப் போடட்டும். சம்பந்திகிட்ட சொல்லு" என்றார்.

மாமனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். வயதானவரை ஸ்டேஷனுக்கு அனுப்பி எனக்கு ஒரு பெயரும் வேண்டாம் என்றார். பிறகு, போனை அவரிடம் கொடு என்றார். சித்தப்பா எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க சம்பந்தி" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து கொங்கணியில் நீளமாக ஏதோ வந்தது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சித்தப்பா "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் காரைக்கால் போய்வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அந்தச் சரக்கு இன்னும் அதே கடையில்தான் விற்கிறதாம். லேபிளை மட்டும் புதிதாகப் பளபளவென்று அடித்திருக்கிறார்களாம்.