பி.காம்.மில் ஒரு காலி இடம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அகல்யாவுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி இருந்தது. கணக்குப்பதிவியல். மற்ற பிள்ளைகள் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சேராமல் முழித்துக்கொண்டிருக்கும்போது அவள் முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்திருப்பாள். அந்தப் பரீட்சைக்கு முதல்நாள் சாயங்காலம் அவளுக்கு அம்மை போட்டது.

அம்மா மணிமேகலை ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து வாசல் நிலையில் செருகினாள்.

"ஸ்கூல்ல தனி ரூம் குடுப்பாங்கம்மா. எழுதிட்டு உடனே வந்துடறேன்" என்றாள் அகல்யா.

"ஆத்தா வூட்டுக்கு வந்துகீறா. தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுவியா? கண்ணு போச்சுன்னா உன் ஸ்கூலா குடுக்கும்?"

"அப்பா, நீயாவது சொல்லேன்."

தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பிரபாகரன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அம்மா சொல்றத கேளு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் முள்ளிப்பட்டிலிருந்து ஆரணி போகும் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போவதை அவள் பாயில் படுத்தபடி கேட்டாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தபோது ஐந்து பாடத்துக்கு மார்க் இருந்தது, ஆறாவதற்கு நேராக ஆப்சென்ட் என்று இருந்தது. தெருவில் யார் கேட்டாலும் அவள் அம்மைக் கதையை முதலிலிருந்து சொல்வாள். கேட்பவர்கள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பெயிலுதான்னு சொல்லு" என்பார்கள். கொஞ்ச நாளில் அவளும் கதையைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

துணைத்தேர்வு எழுதினாள். கணக்குப்பதிவியலில் தொண்ணூற்றைந்து. ஜூலை கடைசியில் அந்த முடிவு வருவதற்குள் கல்லூரிகளில் கலந்தாய்வெல்லாம் முடிந்து, வகுப்புகளே தொடங்கியிருந்தன. தனியார் கல்லூரிக்கு வீட்டில் வழியில்லை. அரசுக் கல்லூரி ஒவ்வொன்றாக போன் போட்டாள். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் முழுதும் கேட்காமலே வைத்தார்கள். ஆகஸ்டில் ஒருநாள் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் கல்லூரியின் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"பி.காம்ல ஒரு சீட்டு காலியா இருக்கும்மா. புதன்கிழமை நேர்ல வாங்க. எந்த கோட்டாவா இருந்தாலும் பரவால்ல. வந்தவங்கள்ல மார்க்கு யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு."

போனை வைத்ததும் அகல்யா சான்றிதழ்களை எடுத்து ஒரு ஃபைலில் அடுக்கினாள்.

அவளோடு போக ஆள் வேண்டும். தறியில் முகூர்த்தச் சேலை அவசரமாக ஓடிக்கொண்டிருந்ததால் அப்பாவால் எழுந்திருக்க முடியாது. அம்மாவுக்கு ஆரணி தாண்டி எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் அகல்யா நிலாவைக் கூப்பிட்டாள்.

நிலா பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நிலாவின் அப்பா இராஜமாணிக்கம் ஊரில் பல வீடுகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிறவர். அகல்யா வீட்டுத் தறியில் ஓடியதும் அவருடைய பாவுதான். பள்ளியில் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். நிலா வீட்டுக்குப் போனால் மட்டும் அகல்யா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பாள். உள்ளே வா என்று நிலாவும் சொன்னதில்லை, இவளும் எதிர்பார்த்ததில்லை. நிலா முதல் முறையிலேயே எல்லாப் பாடமும் பாஸ். ஆனாலும் எங்கும் சேரவில்லை. சென்னையில் பெரிய தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்க அவள் அப்பா ஆள்பிடித்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல சும்மாதான ஒக்காந்துகினு இருக்கறேன், வரேன்டி" என்றாள் நிலா.

புதன்கிழமை பஸ்ஸில் நிலாவின் மடியிலும் ஒரு ஃபைல் இருந்ததை அகல்யா பார்த்தாள்.

"இன்னாடி அது?"

"சர்ட்டிபிகேட்டுதான். எதுக்கும் எடுத்துனு போன்னு அப்பா சொன்னாரு."

அதற்கு அர்த்தம் அப்போது அகல்யாவின் மூளைக்கு எட்டவில்லை. கல்லூரியில் போய்ப் பார்த்தால் அந்த ஒரு இடத்துக்கு ஐந்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்து மார்க்கை விசாரித்தாள். எல்லாரும் அவளைவிடக் கீழே. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்போதுதான் நிலா, "நானும் ஒண்ணு போட்டு வெக்கறேன்டி. சீட்டு ரெண்டாயிடுச்சுன்னா ஒண்ணாவே போலாம்" என்றாள். எந்தச் சான்றிதழுக்கு எத்தனை ஜெராக்ஸ், எங்கே கையெழுத்து என்று நிலாவுக்குத் தெரியவில்லை. அகல்யாதான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூர்த்திசெய்து கொடுத்தாள்.

மதியத்துக்கு மேல் பெயர் கூப்பிட்டார்கள். முதலில் நிலாவின் பெயர். அகல்யாவைவிட அவளுக்கு ஏழு மார்க் கூடுதல்.

நிலா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அகல்யா நினைத்தாள். நினைத்தாள் என்ன, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து தன் பெயர்தான் என்று ஒரு காலை முன்னால் எடுத்துக்கூட வைத்துவிட்டாள். நிலா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். "ஆமாம்பா... பி.காம்தான்... சரிப்பா" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து, அகல்யாவின் முகத்தைப் பார்க்காமல், ஃபைலை மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு வேற எதுனா இருக்குதா மேடம்?" என்று கேட்டது மட்டும் நிலாவின் நல்ல மனசு.

"வேற ஒண்ணும் இல்லம்மா. வெயிட்டிங்ல முதல் ஆளா எழுதி வெக்கறேன். யாராவது டி.சி. வாங்கினா கூப்பிடுவோம்."

பஸ்ஸில் திரும்பும்போது நிலா கேட்டாள். "கோவமாடி? அப்பாதான் கெடச்சத புடிச்சுக்கோ, பொறவு பாத்துக்கலாம்னாரு."

"கோவம் ஒண்ணும் இல்ல."

ஆரணியில் இறங்கியதும் நிலா கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். அகல்யா வாங்கிக் குடித்தாள். அதைக் குடித்திருக்கக் கூடாது என்று பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒருநாள், தறியில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்து ஊடுநூல் நாடாவைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, நிலாவின் வாட்ஸாப் ஸ்டேட்டஸைப் பார்த்தாள். புதுச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் அடுக்குமாடி ஹாஸ்டல். சென்னை. அடுத்தடுத்த படங்களையும் தள்ளிப் பார்த்தாள். நிலா அங்கே போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தது.

அப்படியென்றால் அந்த இடம் காலி!

அகல்யா மறுநாளே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். போனில் பொறுமையாகப் பேசிய அதே பெண்தான் பதிவேட்டைப் புரட்டினாள்.

"அந்தப் பொண்ணு வரதில்லதான். ஆனா டி.சி. வாங்கலையேம்மா. பேரு இருக்கற வரைக்கும் சீட்டு அவளோடதுதான். சட்டுனு வந்து வாங்கச் சொல்லு. இந்த வெள்ளிக்கிழமையோட யுனிவர்சிடில சேர்க்கைய மூடிடுவாங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபடியே நிலாவுக்கு போன் போட்டாள்.

"ஐயோ, நான் இப்ப வர முடியாதுடி. லீவு தர மாட்டாங்க. இங்க ஜெராக்ஸ வெச்சே சேத்துகினாங்க, ஒரிஜினல் அப்புறம் குடுத்தா போதுமாம். டி.சி.ய அப்பா எழுதிக் குடுத்தா அங்க அவர்கிட்டயே தருவாங்களாம், அப்பாகிட்ட சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லு நிலா. வெள்ளிக்கிழமைதான் கடைசி."

"சொல்றேன்டி, சொல்றேன்."

அன்று சாயங்காலம் அகல்யா அம்மாவை அழைத்துக்கொண்டு இராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சேலையை மடிப்புப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"மொதலாளி, நிலாவோட டி.சி.ய நீங்க வாங்கிட்டீங்கன்னா எனக்கு அந்த சீட்டு கெடைக்கும்" என்றாள் அகல்யா.

"பாப்பா போன் பண்ணுச்சும்மா. நாளைக்குக் காஞ்சிபுரம் போறேன். வந்து பாக்கறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள போனாதாங்க..."

"போறேன்னுதான சொன்னேன்? ஒரு வேலையா ரெண்டு வேலையா எனக்கு? ஜல்தி ஜல்தின்னா இன்னா பண்றது?" அவர் மணிமேகலையின் பக்கம் திரும்பினார். "உங்க வூட்டுச் சேலைய தறியில இருந்து எப்ப அறுத்துக் குடுப்பீங்க? பார்ட்டி கேட்டுகினே இருக்கறான்."

"ஞாயித்துக்கிழம குடுத்துடறோங்க" என்றாள் மணிமேகலை.

வெள்ளிக்கிழமை காலையில் அகல்யா மறுபடி அவர் வீட்டுக்குப் போனாள். காஞ்சிபுரத்திலிருந்து அவர் இன்னும் வரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை சாவகாசமாகக் காரில் கல்லூரிக்குப் போய் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தார். அகல்யா வீட்டுக்குப் புதுப் பாவு கொண்டுபோன ஆளிடம், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, டி.சி. வாங்கியாச்சு" என்றும் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் அதை ஏதோ நல்ல சேதி போலச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அகல்யா கல்லூரிக்கு போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூடிட்டாங்கம்மா. சீட்டு காலியாதான் இருக்குது. ஆனா இனிமே யாரையும் சேக்க முடியாது" என்றாள் அந்தப் பெண். "எனக்கே கஷ்டமாதான் இருக்குது" என்றும் சொன்னாள்.

அகல்யா செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். மணிமேகலை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற?"

"அந்தாளு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கப் போறேன்."

"கேட்டுட்டு? இப்பதான் புதுப் பாவு வந்துகீது. அத எடுத்துனு போய்ட்டான்னா நாளைக்கு உங்கப்பா தறியில இன்னாத்த போட்டு நெய்யும்?"

அகல்யா கையை உதறினாள். ஆனால் மேலே நடக்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவர வுடு. அன்னைக்குப் பரீட்சைக்கு நீ என்னை வுட்டிருந்தா நான் எவன் வாசல்லயும் நின்னிருக்க மாட்டேன்."

மணிமேகலை திரும்பி வீட்டுக்குள் போனாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடுப்பில் வைத்த சோறு மறுநாள் பழையதாகத்தான் இறங்கியது.

ஐப்பசியில் அகல்யா செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். விடியும் முன்பே வேன் தெருமுனைக்கு வரும். முதல் ஆறு மாதம் தோலுக்குப் பசை தடவினாள். பிறகு, கணக்கில் பிழையே வராது என்று கண்டுகொண்டு, எத்தனை ஜோடி வந்தது, எத்தனை கழிந்தது என்று எழுதும் வேலைக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருடம் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நாள் வந்தது. அவளும் போட்டாள். இந்தத் தடவை முறையாகக் கலந்தாய்வில், அதே கல்லூரியில், அதே பி.காம். கிடைத்தது. போனில் செய்தி வந்ததை வீட்டில் காட்டினாள். அப்பா, "உன் இஷ்டம்மா" என்றார். அம்மா, "உனக்கு எது தோதோ அத செய்யி" என்றாள். எட்டொன்பது மாதமாக வீடு அவள் சம்பளத்தில் நடக்கப் பழகியிருந்தது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. சேர வேண்டிய நாளன்று அவள் வழக்கம்போல வேனில் ஏறினாள். அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருடமாவது அது வீணாகாமல் இருந்தால் சரி என்று நினைத்தாள்.

நிலா படித்து முடித்து ஊருக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமானது. அவளுடைய முகூர்த்தச் சேலை பிரபாகரன் தறியில்தான் ஏறியது; அந்த வேலைப்பாட்டுக்கு ஊரில் அவர் கைதான் என்று இராஜமாணிக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலா சேலையைப் பார்க்க வந்தாள். அகல்யா வீட்டில் இருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"நீ பரவால்லடி, சம்பாதிக்கற" என்றாள் நிலா. "எனக்குப் படிச்சும் இன்னா? வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்னு மாப்ள வூட்ல மொதல்லயே சொல்லிட்டாங்க."

அகல்யா தண்ணீர்ச் சொம்பை அவளிடம் கொடுத்தாள். "அந்த சீட்டு கடைசி வரைக்கும் காலியாவேதான் கெடந்துச்சு நிலா."

"எந்த சீட்டு?"

"நாம ரெண்டு பேரும் போனமே, அந்த காலேஜு. பி.காம்."

நிலா புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தாள். "ஓ, அதா! நான் ஒரு பத்து நாளு போனேன் இல்ல? கேண்டீன் கூட இல்லாத காலேஜு." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். அகல்யா இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவள் குரல் கொஞ்சம் மாறியது. "ஆனா மார்க்கு எனக்குதானடி ஜாஸ்தி இருந்துச்சு?"

"ஆமா. ஏழு மார்க்கு."

நிலா எழுந்து தறிப்பக்கம் போய், முந்தானையில் சரிகை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று மணிமேகலையிடம் சொன்னாள். "செஞ்சுடலாம் பாப்பா" என்றாள் மணிமேகலை.

கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் போனார்கள். அகல்யா எங்கே என்று நிலா மேடையிலிருந்தே கேட்டாளாம். கம்பெனியில் லீவு தரவில்லை என்று மணிமேகலை சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கம்பெனி விடுமுறை. அகல்யா கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முட்டையைப் பொரித்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, பகல் முழுதும் தூங்கினாள்.