சாக்கில் வந்த பூனைகள்

பெரியப்பா ஒன்று சொல்வார். "நாய் ஆளோட போகும், பூனை வீட்டோட கிடக்கும், மனுசன்..." மனுசன் என்ன செய்வான் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் அந்தப் பகுதி மறந்துவிட்டது. பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால் பழமொழிகள் எனக்குப் பெரும்பாலும் பாதிதான் வரும்.

இருபது வருஷத்துக்கு மேல் புனேயில் இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து நான் தொடங்கிய தொழிலுக்கும் அந்தப் பாதிப் பழமொழிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கல்யாணம், சர்ச் அசன விருந்து, ஆஸ்பத்திரி என்று வெளியூர் போகிறவர்கள் தங்கள் பூனையை என்னிடம் விட்டுப் போவார்கள். திரும்பி வரும்வரை நானும் மனைவியும் பார்த்துக்கொள்வோம். பூனை வளர்க்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வளர்க்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: தங்களை விருந்தாளிகள் என்று ஒருபோதும் நினைக்காத விருந்தாளிகளை வைத்துப் பராமரிக்கிற தொழில் இது.

வழி தெரியக் கூடாது

முதலில் வந்தவர் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு சாக்கு. சாக்கு அசைந்தது, முனகியது, பிறகு தெளிவாகத் திட்டியது. எங்கள் பக்கத்தில் பூனையை இடம் மாற்றுவதென்றால் சாக்குதான். வேண்டாத பூனையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதற்காக ஏற்பட்ட வழக்கம். வழியைக் கண்ணால் பார்க்காவிட்டால் திரும்பாது, ஆற்றைத் தாண்டிவிட்டால் திரும்பவே திரும்பாது என்று நம்பிக்கை. நாளடைவில் வேண்டிய பூனைக்கும் அதே சாக்கு என்றாகிவிட்டது.

கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூடை கடைகளில் கிடைக்கிறதே என்றேன். நாலைந்து நாளில் நீங்களே வந்து கூட்டிப்போகப் போகிற பூனைதானே, வழி தெரிந்தால்தான் என்ன என்றும் கேட்டேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வழி தெரிஞ்சு அது பாட்டுக்குக் கெளம்பி வந்துட்டுன்னு வையும், அங்கன வீடு பூட்டிக் கிடக்கும்லா? அது யார்ட்ட போய்க் கேக்கும் வே?"

தயிர்ச்சோறு

நாங்குநேரியிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். அவர் வீட்டில் முட்டை கூட வாசல் தாண்டாது. பூனையும் அப்படியே, தயிர்ச்சோறு, பால், அப்பளம். எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் ஒழுங்காகத்தான் இருந்தோம். பக்கத்து அறைப் பூனைக்கு என் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது, இது கதவிடுக்கில் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. எடுத்த கையின் பழக்கத்தைப் பார்த்தால் அது முதல் தடவை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் பூனையைக் கூட்டிப்போக வந்தபோது மறைக்க மனமில்லாமல் சொல்லிவிட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பூனையின் தலையைத் தடவிக் கொடுத்தார். "விடும் வே. வெளியூர் போனா நானும் வீட்டுல எல்லாத்தையும் சொல்லதில்ல."

அந்த மூலை

எங்கள் அடுக்களையில், அரிசி டப்பாவுக்கு மேலே, சுவரும் கூரையும் சேருகிற மூலை ஒன்று உண்டு. வருகிற பூனையெல்லாம் அதைப் பார்க்கும். ஒன்றையொன்று சந்தித்திராத பூனைகள், வேறு வேறு ஊர்ப் பூனைகள். வந்த மறுநாள் அடுக்களை நடுவில் உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அந்த மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். பல்லி இல்லை. ஒட்டடை இல்லை. ஏணி போட்டு ஏறிக் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. பூனைகளுக்கு நம்மைவிட நுட்பமான காது என்பதால் சுவருக்குள் ஏதாவது மின்கசிவு இருக்குமோ என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கீழே இறங்கினார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "அங்கன ஒண்ணுமே இல்ல சார். ஆனா ஒண்ணு, நான் டீ குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து அங்கனயேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

முகம் காட்டாத சீனி

மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறைக்கு மனைவியும் பிள்ளைகளும் சாத்தான்குளத்தில் அவருடைய மாமியார் வீட்டுக்குப் போகும்போது, சீனி என்கிற வெள்ளைப் பூனை எங்களிடம் வரும். அவர் அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவார். நான் போனைச் சீனியின் முகத்துக்கு நேரே பிடிப்பேன். சீனி எழுந்து, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டி உட்காரும். நான் போனோடு அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் திரும்பும். குவைத்தில் அவர் "சீனி, சீனி, வாப்பா கூப்பிடுதேன்லா" என்பார். காது மட்டும் பின்னால் மடங்கும். கேட்கிறது, ஆனால் திரும்பாது. போனை வைத்ததும் வந்து போனை மோந்து பார்க்கும்.

நான் சங்கடப்பட்டு, பூனைக்குத் திரை புரியாது போலிருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் புரியும் அண்ணாச்சி. எம் பிள்ளையளும் இப்படித்தான். போனு வந்தா ஓடிருவானுவ, வச்ச பொறவு உம்மாகிட்ட, வாப்பா என்ன சொன்னாவன்னு கேப்பானுவ."

சாலமோன்

ஜெபா டீச்சர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், தனி ஆள். முழங்கால் வலி முற்றியதால், தங்கை மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தச்சநல்லூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போக ஒப்புக்கொண்டார். பழைய வீட்டை ஒரு கான்ட்ராக்டருக்கு விற்றாயிற்று. சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு வாரம் அவருடைய சாம்பல் நிறக் கடுவன் பூனை சாலமோன் எங்களிடம் இருந்தது. வாரம் முடிந்ததும் தங்கை மகளின் கணவர் பைக்கில் வந்தார். கையில் சாக்கு. நான் கூடை தருகிறேன் என்றேன். வழி தெரிந்தால் ஓடிவிடும் என்று டீச்சரே சொல்லி அனுப்பியிருந்ததால் அவர் கேட்கவில்லை.

சாலமோன் தச்சநல்லூரில் சோற்றைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக இறங்கிக் காணாமல் போனது. தங்கை மகள், "வேற நல்ல பூனையா வாங்கித் தாரேன் பெரியம்மா" என்றாளாம். டீச்சர் எனக்குப் போன் செய்தார். குரல் வகுப்பறைக் குரலாகத்தான் இருந்தது. "நாப்பது பிள்ளைய இருக்க வகுப்புல ஒருத்தன் வரலன்னா மத்தவனுவள வச்சு நடத்திருவேன் தம்பி. இங்கன மொத்த வகுப்பே அவன் ஒருத்தன்தான்."

பாலம்

சில நாள் கழித்து, டீச்சரின் பழைய வீட்டுச் சுற்றுச்சுவரில் சாலமோன் உட்கார்ந்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். மெலிந்திருந்தது, காதில் ஒரு கீறல். மற்றபடி, எங்கும் போகாத ஆள் மாதிரி முகம்.

எனக்குத் தாங்கவில்லை. சாக்கில் கட்டிக் கொண்டுபோன பூனை, நடுவில் தாமிரபரணி. நீந்தியதா? பாலத்தில் நடந்ததா? அத்தனை பஸ்ஸும் லாரியும் போகிற பாலத்தில் எந்த ஓரம்? ஒரு காலையில் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உலகம் எப்படித் தெரியும் என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் நிறுத்தி, எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார்கள். வண்ணார்பேட்டை முனையில் டீக்கடைக்காரரிடம், சாம்பல் பூனை ஏதாவது இந்த வழியாகப் போனதா என்று விசாரித்தேன். வடையை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்துக்கொண்டே பதில் சொன்னார். "விடியக்காலம் ஒண்ணு போச்சு. இந்தப் பாலத்துல ஹாரன் அடிக்காம போன ஒரே ஆளு அதுதான் வே, அதான் ஞாவகம் இருக்கு."

ஆடி

அது ஆனி கடைசி. ஆடியில் யாரும் வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதால், கான்ட்ராக்டர் ஆவணி பிறந்ததும் இடிப்பதாக இருந்தார். அதுவரை வீடு நிற்கும்; சாலமோனும் நிற்கும். அதற்குப் பிறகு?

பிடித்து எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். டீச்சர் தானே வந்து சோறு வைப்பதாகச் சொல்லிவிட்டார். தச்சநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தூக்குவாளியில் மீன் குழம்புச் சோற்றோடு பழைய வீட்டு வாசலுக்கு வந்தார். சாலமோன் சாப்பிடும். டீச்சர் கால்மேல் ஏறி உட்காரும். அவர் புறப்பட்டால் கேட்வரை கூடவே வரும். கேட்டுக்கு வெளியே வராது. அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டுப் பின்பக்கம் போய், சமையற்கட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். இதை நான் பலமுறை பார்த்தேன்.

பெரியப்பா சொன்னது சரிதான், பூனைக்கு ஆள் முக்கியமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து டீச்சரிடம் சொல்லவில்லை. அவர் வாளியைக் கழுவிக்கொண்டே பேசினார். "நான் ஆடி ஆவணின்னு பாத்தவ இல்ல தம்பி. இந்த வருசம் ஆடிக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு வாரேன்."

சமையற்கட்டுக் கதவு

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, டீச்சர் முழங்கால் வீங்கி வர முடியாமல் போனது. சோறு வைக்க நான் போனேன். சாலமோன் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தது. பிறகு சமையற்கட்டுக் கதவைப் பார்த்தது. கதவைப் பிறாண்டி, காதை வைத்து, உள்ளே ஏதோ சத்தம் கேட்கும் என்பதுபோல் காத்திருந்தது. சோற்றைத் தொடவில்லை.

இதை டீச்சரிடம் போனில் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அது வீட்டத் தேடிப் போகல்ல தம்பி. நான் அந்தக் கதவுக்குப் பொறத்தால இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. நான் வீடு மாறினது அதுக்குத் தெரியவே தெரியாதே. சாக்குல போட்டுல்லா கொண்டு வந்தோம்?"

கூடை

ஆடி கடைசி நாள் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கான்ட்ராக்டரிடம் பழைய வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கியிருந்தார். என் கம்பிக் கூடையில் சாலமோனை நான் தூக்கிக்கொள்ள, டீச்சர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். முன்னறை, படுக்கையறை, கடைசியாகச் சமையற்கட்டு. எல்லாம் வெறும் சுவர். ஆணி அடித்த ஓட்டைகள். "பாத்துக்கோ, யாரும் இல்ல" என்றார். சாலமோன் கம்பியில் மூக்கை வைத்துச் சமையற்கட்டை வெகுநேரம் மோந்தது. வெளியே வந்து, அது பார்க்கப் பூட்டினார். சாவியை வாசலில் நின்ற கான்ட்ராக்டர் கையில் கொடுத்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். "பத்திரம் முடிச்சு எத்தனையோ சாவி வாங்கியிருக்கேன். பூனைய சாட்சிக்கு வச்சு வாங்குனது இதான் டீச்சர் மொத தடவ."

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்து, கம்பிப் பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டார். பாலத்தில் ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது. சாலமோன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தது, திரும்பி டீச்சரைப் பார்த்தது, மறுபடி ஆற்றைப் பார்த்தது. தச்சநல்லூரில் திறந்துவிட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜன்னலை அடைக்கட்டுமா என்று தங்கை மகள் கேட்டாள். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். அது மறுபடி ஓடிவிடுமா என்று ஊகிக்கப் பயந்து நான் வீட்டுக்கு வந்தேன். ஆவணி பிறந்து, பழைய வீட்டுச் சுவர் விழுகிற சத்தம் எங்கள் தெருவரை கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் போன் வந்தது. "ஜெபத்துக்கு உக்காந்தேன் தம்பி. கட்டிலுக்கடியில இருந்து வந்து பக்கத்துல உக்காந்துட்டு. ஆமென் சொல்லுதவரைக்கும் இருந்துச்சு. பொறவுதான் சோறு கேட்டுது."

ஆளையும் வீட்டையும் அவ்வளவு உறுதியாகப் பிரித்துச் சொன்ன பெரியப்பா, வாழ்நாளில் ஒரு பூனையும் வளர்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை வாசல் பலகையில், சாக்கில் வரும் பூனைகளை வாங்குவதில்லை என்று எழுதி மாட்டினேன்.