இடது பக்கத்து இடம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவதற்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: மீசை. அண்ணனுக்கு அது அரும்பிய வாரமே அப்பா சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் பிற்பாடு சாவகாசமாக வந்து சேர்ந்தது. முதல் நாளே வாசல் தூணில் கொண்டுபோய் இடித்தான். தூணை அந்த இடத்தில் கட்டிய கொத்தனாருக்குத்தான் திட்டு விழுந்தது.

நான் பதினெட்டு முடியும்வரை காத்திருந்து, டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவின் பெயின்ட் கடை மேசையில் வைத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சாவி வேண்டும். ஊர் சுற்ற இல்லை. அம்மாவுக்குப் பல் வலி. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் அண்ணன் எழுந்து, குளித்து, தலை சீவி, மனசு வைக்க வேண்டும். பாதி நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தினமும் நச்சரித்ததில் அப்பா ஒருநாள் இறங்கி வந்தார். "ஞாயித்துக்கெழம ஆறுமுகநேரி காதுகுத்துக்கு நீயே ஓட்டு. நான் ஒரு தடவகூட கத்தாமப் போய்ச் சேந்தோம்னா சாவி ஒனக்கு."

அப்பா கத்தாமல் இருந்த நாள் எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. சாவி கிடையாது என்பதைத்தான் மனுஷர் இத்தனை நாகரிகமாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பு ஏற்பாடுகள் பலமாக இருந்தன. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் சூடம், கண்ணாடிக்கு மேலே திருநீறு. பெல்ட் மட்டும் கிடையாது. பெல்ட் போடாவிட்டால் கார் கீச்கீச்சென்று கத்துமே, அதற்கும் அப்பா வழி வைத்திருந்தார். பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கியைத் தனியாகக் கடையில் வாங்கிச் சொருகிவிட்டால் கார் ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். போலீஸ் கண்ணில் பட்டால் மட்டும் நிஜ பெல்ட்டை இழுத்துப் பட்டுத்துண்டு போல மார்பில் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விட்டுவிடுவார். நான் பெல்ட்டை மாட்டியதைப் பார்த்துப் பின் சீட்டிலிருந்து அண்ணன் சிரித்தான்.

"இவ என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறா?"

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எங்கள் காரில் அப்பா பக்கம் அது இல்லை. கால் மிதியடியை மிதித்து மிதித்துப் பார்த்தார். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தத்துக்கே மூச்சை உள்ளே இழுத்தார். ஆனாலும் கத்தவில்லை. அம்மா பின்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முருகனை அழைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்குத் திரும்பும் முக்குவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு ட்ரெயிலர், முதுகில் பெரிய கன்டெய்னர். மெதுவாக வலது பக்கம் ஒதுங்கியது. இடது பக்கம் ஒரு கார் தாராளமாகப் போகும் அளவுக்கு இடம் விழுந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த இடத்தைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில் காலி இலையைப் பார்த்த மாதிரி. அடுத்தவன் உட்காருவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்தாக வேண்டும்.

நான் அந்த முக்கைப் பள்ளிக்கூட வேனின் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். ட்ரெயிலர் இடது பக்கம் திரும்புவதற்குத்தான் முதலில் வலது பக்கம் ஒதுங்கும். பிறகு தலை திரும்பும், பின் சக்கரங்கள் அந்தக் காலி இடம் முழுவதையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகும். அந்த முக்கில் ஓரக்கல் பூராவும் நொறுங்கிக் கிடப்பது அதனால்தான். கல் ஏன் நொறுங்குகிறது என்று ஊரில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நின்றால் அப்பா கத்துவார், சாவி போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நின்றேன்.

"போளா" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகக் கூடாதுப்பா."

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, வண்டிய வித்துட்டு மாடு வாங்குங்க!" என்றார். அப்பாவுக்கு மானம் போனது. எட்டி என் ஸ்டியரிங்கில் இருந்த ஹாரனை அவரே அழுத்தினார்.

"ஏளா, இம்புட்டு இடம் கெடக்குல்லா! கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? போளா!"

கத்திவிட்டார். போயிற்று சாவி. "பயந்தாங்கொள்ளி" என்று அண்ணன் தன் பங்குக்குச் சொன்னான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டேன்.

ட்ரெயிலரின் தலை திரும்பியது. கன்டெய்னர் எங்கள் முன்னால் குறுக்கே நகர்ந்து வந்தது, பின் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரக்கல்லின்மேல் ஏறின. முக்கில் மண் நிரப்பி நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் பீப்பாய் அடியில் போய் டப்பென்று வெடித்தது. அப்பா போகச் சொன்ன இடத்தில் இப்போது இடமே இல்லை.

ஹாரன்கள் எல்லாம் நின்றுவிட்டன. அப்பாவின் கை மட்டும் என் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள்.

"ம்... பாத்துப் போ" என்றார் அப்பா. அதற்குப்பிறகு ஆறுமுகநேரிவரை வண்டியில் பேச்சே இல்லை.

காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "இடம் கெடக்கேன்னு இவ போகப் பாத்தா. நான்தான் 'நில்லுளா'ன்னேன். ட்ரெயிலர் திரும்புத லெச்சணம் எனக்குத் தெரியாதா?" சுற்றியிருந்தவர்கள் அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். நான் அப்பளத்தை நொறுக்கினேன், தேவைக்கு அதிகமாகவே. அண்ணன் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

புறப்படும்போது அண்ணன் வழக்கம்போல் சாவிக்குக் கையை நீட்டினான். அப்பா அந்தக் கையைப் பார்க்காமலே, "நீ பின்னால ஏறுலே" என்றார். சாவி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"நாளைக்கு அம்மையப் பல் டாக்டர்ட்ட நீயே கூட்டிட்டுப் போயிரு."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சொருகியிருந்த வெறும் கொக்கியைப் பிடுங்கினார். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, எறிய மனம் வரவில்லை, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பெல்ட்டை இழுத்து, பழக்கமில்லாத கையால் இரண்டு முறை தடவிப் பார்த்து மாட்டினார்.

எங்காவது போலீஸ் நிற்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை.