கூச்சம் என்று நினைத்த படபடப்பு

புது ஆள் முன்னால் நின்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்கு வீட்டு நிலைமை பாதிக் காரணம். வாத்தியார் கேள்வி கேட்பார் என்பது மீதி. சோமனூரில் விசைத்தறி ஓட்டுவது எனக்குத் தோதான வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

போன வருடம் தறிகளுக்கு நடுவில் தனியாக நிற்கும்போதே படபடப்பு வந்தது. பழைய கூச்சம்தான் என்று விட்டுவிட்டேன். யாரைப் பார்த்துக் கூச்சம் என்று யோசிக்கவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகு மனைவி என்னைப் பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பெருத்து, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

நான்கு வகை மாத்திரை கொடுத்தார். அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய இரண்டாம் வாரம் உடம்பு அசந்துபோனது. மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை என்றார். பலமில்லாத இதயத்தை இன்னும் மெதுவாக்கினால் நின்றுபோகாதா? டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு, அதை மட்டும் தினமும் கழிவுப் பஞ்சுக்குள் போட்டுவந்தேன்.

அடுத்த முறை போனபோது அவர் நாடி பார்த்துவிட்டு, மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். "உங்களைப் பாத்தாவே எனக்கு இப்படித்தானுங்க அடிக்கும்" என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே வெளியே கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். பிறகு பார்த்தும் துடிப்பு இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து வெள்ளை மாத்திரையை இரண்டு மடங்காக எழுதினார். இதைச் சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும், ஒரேயடியாகக் கூட்டினால் மூச்சு முட்டும் என்று முன்பு அவரே சொல்லியிருந்தார். நானோ அதை அடியோடு நிறுத்தியிருந்தேன்.

மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது, இனிமேல் எல்லா மாத்திரையையும் தன் கையால்தான் தரப்போவதாகச் சொன்னாள் மனைவி. எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"எட்டுத் தறி ஓட்டறீங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க முடியலீங்களா? நடங்க உள்ள. நான் பேச மாட்டேன், நீங்களேதான் சொல்லோணும்."

சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"பயந்தா நெஞ்சை வேகமா அடிக்க வெக்கற நரம்பு இருக்குதுங்கண்ணா. இதயம் பலம் கொறஞ்சா மூளை அதே நரம்பு வழியாத்தான் அதை வெரட்டுது. கை சில்லுங்கறதும் அதனாலதான். கொஞ்ச நாளைக்கு அது ஒத்தாசை. உடாம வெரட்டுனா இதயத்தோட சதையே கெட்டுப்போகும். இந்த மாத்திரை இதயத்தை நிறுத்தறதில்லீங்க. வெரட்டறதைத்தான் தடுக்குது."

அது எனக்கு உடனே புரிந்தது. பாவில், அதாவது நீளவாக்கு நூலில், பலமில்லை என்றால் நாங்களே தறியின் வேகத்தைக் குறைப்போம். வேகமாக ஓட்டினால் அறுந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓட்டினால் சாயங்காலம் துணி கூடுதலாகவே விழுந்திருக்கும்.

முதலிலிருந்து, பாதி மாத்திரையில் தொடங்கினோம். அசதி மறுபடி வந்தது. இந்தத் தடவை நிறுத்தாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சில வாரங்களில் குறைந்தது. இப்போது நான்கு தறிதான் பார்க்கிறேன். ஸ்கேனில் பலம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, முழுதாகத் திரும்பவில்லை.

போன வாரம் டாக்டரம்மா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மாடி ஏறும்போது ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.